செய்கிற கையும் வாங்குகிற கையும்

(மத்திகிரியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

வணக்கம். நமஸ்காரா. நமஸ்காரம். இந்த ஊரில் மூன்று மொழியிலும் கும்பிடு போடாமல் பேச்சைத் தொடங்கினால் பாதி வீட்டில் காபி கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பெரியது. வேகமாக வளர்கிற ஒரு நாட்டில் போனும், ஸ்கூட்டரும், அவற்றைச் செய்கிற வணிகமும் மக்களின் வாழ்க்கையை என்ன செய்கின்றன? இதைப் பற்றி டெல்லியில் பேசலாம், சென்னையில் பேசலாம். ஆனால் மத்திகிரியில் பேசுவதற்கு ஒரு தனி நியாயம் உண்டு. ஏனென்றால் நாடு வாங்குகிறது, நீங்கள் செய்கிறீர்கள். ஆகவே நான் இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். செய்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அந்தத் தூரம் குறைகிறதா, கூடுகிறதா?

இந்த ஊரின் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கால்நடைப் பண்ணையை எல்லோரும் தினம் பார்க்கிறோம். 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அது மாட்டுக்காகத் தொடங்கப்பட்டது இல்லை. 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. நூறு ஆண்டு கழித்து, 1924-ல்தான் அது கால்நடைத் துறையின் கைக்கு வந்தது. அந்த நூறு ஆண்டில் குதிரைக்குப் புல் அறுத்தவர் யார்? லாடம் அடித்தவர் யார்? கொட்டடி கூட்டியவர் யார்? இந்த வட்டாரத்து மக்கள். அந்தக் குதிரையில் ஏறிப் போனவர் யார்? அதை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வளர்ந்த குதிரை எந்தப் போருக்குப் போனது, எந்த ஊரை மிதித்தது என்பதுகூடப் புல் அறுத்தவருக்குத் தெரிந்திருக்காது. 200 ஆண்டுக்கு முன்பே இந்த வட்டாரம் மற்றவர்கள் ஏறிப்போக வாகனம் தயாரித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

சரி, எப்போதுமே அப்படித்தானா? இல்லை. நடுவில் ஒரு காலம் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன்.

1970-களில் நம் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். அன்று ஓசூர் இருந்த தருமபுரி மாவட்டம் பின்தங்கிய மாவட்டம் என்று அரசுப் பட்டியலில் இருந்ததால் ஆலை போடுகிறவர்களுக்குச் சலுகை. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே லாரி செய்யத் தொடங்கியது. அதே 1980-ல் ஓசூரிலிருந்து ஒரு சின்ன வண்டி வெளியே வந்தது. டிவிஎஸ் 50. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அதுதான். 50 சிசி. பெடலும் உண்டு. அழகென்று சொல்ல முடியாது. இந்த அவையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்கிறேன்: உங்களில் எத்தனை பேர் அந்த வண்டியில் ஏறாமல் வளர்ந்தீர்கள்?

பால்காரர் வாங்கினார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வாங்கினார். தேங்காய் வியாபாரி வாங்கினார். தளி ரோட்டில் தக்காளிக் கூடையை முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று கட்டிக்கொண்டு சந்தைக்குப் போன விவசாயி வாங்கினார். அந்த வண்டியின் லைனில் நின்று போல்ட்டு முடுக்கியவரும் வாங்கினார். இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. மலிவான வண்டி என்பதற்காக அதைப் புகழவில்லை. அதைச் செய்தவனும் ஓட்டியவனும் ஒரே தெருவில் இருந்தார்கள். வண்டியில் ஒரு குறை என்றால் செய்தவனின் மாமனே வீட்டுக்கு வந்து திட்டினான். எந்த மேலாண்மைக் கல்லூரியும் சொல்லித்தராத தரக் கட்டுப்பாடு அது!

பழுது பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் புளியமரத்தடியிலும் ஒரு மெக்கானிக் இருந்தார். பிளக்கைக் கழற்றுவார், உப்புத்தாளால் தேய்ப்பார், ஊதுவார், மாட்டுவார். ஐந்து நிமிடம். அந்த வண்டியின் வம்சத்தில் வந்த எக்ஸ்எல் 100 இன்றும் விற்கிறது. நாட்டில் மொபெட் என்ற வகையே ஒழிந்த பிறகும் அது ஓடுகிறது. ஏன் என்று நகரத்து விமர்சகர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். நீங்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

அடுத்தது கைக்கடிகாரம். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் டைட்டன். தலைமையேற்று நடத்தியவர் ஜெர்க்சிஸ் தேசாய். அன்று கைக்கடிகாரம் என்றால் பொதுத்துறையின் எச்எம்டி. சாவி கொடுக்கிற கடிகாரம். நல்ல கடிகாரம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் கடிகாரம் வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவுக்குக் கடிதம் எழுத வேண்டும், அல்லது கடத்தல் சரக்கு விற்கும் பர்மா பஜாருக்குப் போக வேண்டும். அந்தக் குவார்ட்ஸைச் செய்ய ஓசூருக்கு வந்தார்கள். யாரை வைத்துச் செய்தார்கள்? சுற்றியிருந்த ஊர்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பிள்ளைகளை வைத்து. ராகி அறுத்த கைகளுக்குத் தலைமுடி கனத்துக்குத் திருகாணி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. முடிந்தது.

இங்கே மத்திகிரிக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அந்த நிறுவனம் தொழிலாளிக்கு வேலை கொடுத்ததோடு நிற்கவில்லை. வீடு எங்கே என்றும் கேட்டது. பதில்தான் இதே மத்திகிரியில் இருக்கிற டைட்டன் குடியிருப்பு. அதைத் திட்டமிட்டவர் யார் தெரியுமா? நவி மும்பையைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான சார்லஸ் கோரியா. உலகம் அறிந்த கட்டடக் கலைஞர் ஒருவர், மத்திகிரியில் லைனில் நிற்கிற ஒரு தொழிலாளியின் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார். எல்லாம் அவர் நினைத்தபடி வந்ததா, எல்லோருக்கும் வீடு கிடைத்ததா என்று கேட்டால் விவாதம் நீளும். ஆனால் தொழிலாளி எங்கே தூங்குகிறார் என்பது ஆலையின் கணக்கில் சேரும் என்ற எண்ணம் அன்று இருந்தது.

இன்னொன்று. கடிகாரத்தின் சங்கிலிப் பட்டையைக் கோக்கிற வேலையைக் கிராமத்துப் பெண்களின் குழுக்களிடம் கொடுத்தார்கள். மைராடா என்ற தொண்டு நிறுவனம் நடுவில் நின்று உதவியது. பிறகு அந்தப் பெண்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து மெடோ என்று ஒரு நிறுவனம் அமைத்தார்கள். கூலிக்கு வேலை செய்தவர்கள் முதலாளிகளாகவும் ஆனார்கள். டைட்டன் நிறுவனத்திலேயே பெரிய பங்கு யாருடையது? இன்றும் சுமார் 28 விழுக்காடு டிட்கோவிடம், அதாவது தமிழ்நாடு அரசிடம். பங்குச் சந்தைச் செய்தியில் டைட்டன் ஏறியது, இறங்கியது என்று படிக்கும்போது, அதில் நம் பங்கும் இருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

இதையெல்லாம் சொல்வது அந்தக் காலம் பொற்காலம் என்று பெருமூச்சு விடுவதற்காக இல்லை. பொற்காலமாக இருந்தால் தருமபுரி மாவட்டத்தில் பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசு தொட்டில் வைக்க வேண்டி வந்திருக்காது. நான் சொல்வது, செய்கிற கையும் வாங்குகிற கையும் நெருங்கி நிற்க முடியும் என்பதை இந்த மண் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது என்பதுதான்.

இனி இன்றைக்கு வருவோம்.

இங்கிருந்து தேன்கனிக்கோட்டை ரோட்டைப் பிடித்துப் போனால் கூத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை. உலகத்தின் விலை உயர்ந்த போன்களில் ஒன்றின் மேற்கூடு அங்கே உருவாகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியான மின்னணுப் பொருள்களின் மதிப்பு 2023-24-ல் 956 கோடி டாலர். 2024-25-ல் 1,465 கோடி டாலர். ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. இது சாதனையா? சாதனைதான். கைதட்டுங்கள், நானும் தட்டுகிறேன்.

தட்டிவிட்டுக் கணக்குப் போடுங்கள். அந்தப் போன் வரிசையில் 2025 செப்டம்பரில் வந்த ஒன்றின் ஆரம்ப விலை 82,900 ரூபாய். அந்த ஆலையில் லைனில் நிற்கிற ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் 16,000 என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு வேண்டாம், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டாம், தலைவலி மாத்திரைகூட வேண்டாம் என்று சேர்த்தாலும் ஐந்து மாதத்துக்கு மேல். டிவிஎஸ் 50 செய்தவர் அதை ஓட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். இந்தப் பெண் தான் செய்த பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்க்க முடியும். ஆலைக்குள் தன் சொந்தப் போனைக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள் என்று இங்கே இருப்பவர்கள் எனக்குச் சொல்கிறார்கள்.

எல்லோரும் எல்லாவற்றையும் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கப்பல் கட்டுகிறவர் கப்பல் வாங்குவதில்லை. வாங்க முடியாதது குற்றமில்லை. ஆனால் செய்கிறவர் வாங்குகிறவராக இல்லாதபோது அவருடைய குரல் எங்கே ஒலிக்கும்? மாமன் வந்து திட்டுகிற வழி அடைபட்டுவிட்டது. வாங்குகிறவர் நியூயார்க்கில். முடிவெடுக்கிறவர் கலிபோர்னியாவில். செய்கிறவர் ஹாஸ்டலில்.

அந்த ஹாஸ்டலுக்கு வருகிறேன். 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் பேசும்போது, ஓசூர் ஆலையில் வேலை செய்ய ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பயிற்சி பெற்று வருகிறார்கள் என்று பெருமையோடு சொன்னார். ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள், ஒடிசாவிலிருந்து வருகிறார்கள். நம் அஞ்செட்டி மலையிலிருந்தும், தருமபுரியிலிருந்தும், திருவண்ணாமலையிலிருந்தும் வருகிறார்கள். அஞ்செட்டியிலிருந்து வருகிற பெண்ணுக்கு இந்த வேலை என்ன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குழந்தைத் திருமணம் இன்னும் முழுசாக ஒழியாத மலை அது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கம்பெனிப் பேருந்தில் ஏறி, முதல் மாதச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் பார்க்கிற பெண்ணைக் கல்யாணப் பந்தலுக்கு இழுப்பது எளிதில்லை. இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்கிற பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் என்று 2019-20-ஆம் ஆண்டின் தொழில் ஆய்வுக் கணக்கு சொல்கிறது. எந்தக் கணக்கிலும் இதைவிட எனக்குப் பெருமை தருகிற எண் வேறில்லை. ஆகவே இந்த ஆலைகள் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆனால் அந்தப் பெண் எங்கே தூங்குகிறாள்?

2021 டிசம்பர். இதே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர். பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் செத்துவிட்டார்கள் என்ற வதந்தி. உண்மையைச் சொல்ல யாரும் வரவில்லை. பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2020 டிசம்பர் 12, எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் மாவட்டம் நரசாபுரத்தில் விஸ்ட்ரான் ஆலையில் சம்பளப் பாக்கிக்காகக் கலவரம். 2025 நவம்பரில், நம் பக்கத்திலேயே, நாகமங்கலம் பகுதியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் பெண்கள் தங்கிய விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் வெளியே வந்து போராடினார்கள். கைதுகள் நடந்தன.

மூன்று சம்பவம், மூன்று ஊர். மூன்றிலும் ஒரே கேள்வி. இந்தத் தொழிலாளர்கள் தெருவுக்கு வருவதற்கு முன் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? சங்கம் இல்லை. பலர் காண்ட்ராக்ட்; சம்பளச் சீட்டில் ஆலையின் பெயர்கூட இருக்காது, ஏதோ ஒரு கன்சல்டன்சியின் பெயர் இருக்கும். சிலருக்கு மொழி தெரியாது. ஒரு வார்டு கவுன்சிலரைக்கூட அறிமுகம் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. நெடுஞ்சாலையை விட்டால் அவர்களுக்குப் புகார்ப் பெட்டி இல்லை.

அரசு கேட்கவே இல்லையா? சில நேரம் கேட்டது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கிற திருத்தம். கர்நாடகம் அதற்கு இரண்டு மாதம் முன்பே அப்படி ஒரு திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. இங்கே தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே முதல் நாள் திருத்தத்தைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அன்று எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று ஆனது. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவில் நிற்கிறவருக்குத்தான் தெரியும், சங்கம் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று.

ஸ்ரீபெரும்புதூரைப் பற்றிச் சொல்லும்போது நோக்கியாவைச் சொல்லாமல் விடக் கூடாது. 2006-ல் தொடங்கியது. நாடெங்கும் பாட்டி தாத்தா கைகளில் இருந்த போன்களை அங்கே கிராமத்துப் பெண்கள் செய்தார்கள். சம்பளத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள், தம்பியைப் பொறியியல் படிக்க வைத்தார்கள். தாங்கள் செய்த போனை வாங்கவும் செய்தார்கள், அது அவர்களுக்கு எட்டுகிற விலையில் இருந்தது. பிறகு வரித் தகராறு வந்தது. நிறுவனம் போன் வணிகத்தை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வழக்கில் மாட்டி வெளியே நின்றது. 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் விருப்ப ஓய்வு! யாருடைய விருப்பம் அது? அந்தப் பெண்கள் எட்டு ஆண்டில் கற்றது ஒரு லைனில் ஒரு நிலையத்தின் வேலை. அடுத்த ஆலை இருபத்து மூன்று வயதுக்கு மேல் வேண்டாம் என்றது.

கூத்தனப்பள்ளி ஆலையிலும் 2024 செப்டம்பர் 28-ல் ஒரு தீ விபத்து. உற்பத்தி நின்றது, பிறகு எழுந்தது. நல்லது. ஆனால் ஒரே ஒரு வாங்குகிறவரை நம்பி நிற்கிற ஒரு வட்டாரம், நோக்கியாவின் கதையை வருடத்துக்கு ஒருமுறையாவது உரக்கப் படிக்க வேண்டும்.

போனை விட்டு ஸ்கூட்டருக்கு வருவோம். இங்கே நாம் செய்கிறவர்களாக மட்டும் இல்லை, வாங்குகிறவர்களாகவும் இருக்கிறோம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் இன்று மின் ஸ்கூட்டரின் தலைநகரம். 2020 ஜனவரியில் டிவிஎஸ் ஐக்யூப் வந்தது. ஐஐடி சென்னையில் படித்த இருவர் தொடங்கிய ஏதர், 2021-ல் தன் உற்பத்தியைப் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு மாற்றியது. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஓலா. 2,400 கோடி ரூபாய் முதலீடு என்றார்கள். ஆலை முழுவதையும் பெண்களே நடத்துவார்கள், பத்தாயிரம் பெண்கள் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். படங்கள் அழகாக இருந்தன. நாடே பார்த்தது.

பிறகு என்ன ஆயிற்று? 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்டு வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓலா வண்டிகளைப் பற்றி வந்த புகார்கள் 10,644. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 விழுக்காடு புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. ஆணையம் அதோடு விடாமல் விரிவான விசாரணைக்கு உத்தரவிட்டது. வண்டி கெட்டுப்போவது பெரிய குற்றமா? எந்த வண்டியும் கெட்டுப்போகும். டிவிஎஸ் 50-யும் மழையில் நின்றது. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. புளியமரத்தடி மெக்கானிக் இந்த வண்டியைத் தொட முடியாது. திறக்க லேப்டாப் வேண்டும், லேப்டாப்பைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும், கடவுச்சொல் கம்பெனியிடம் இருக்கிறது, கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வரிசை நிற்கிறது. வண்டி நம்முடையது. சாவி அவர்களுடையது. பிறகு யாருக்கு விற்றார்கள், எதை விற்றார்கள்?

எல்லா நிறுவனமும் ஒன்றுபோல் என்று நான் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் மின் ஸ்கூட்டர் பதிவில் டிவிஎஸ், ஓலாவை முந்தியது. அறிவிப்பில் முந்தியவர்களை, ஊர் ஊராக டீலரும் மெக்கானிக்கும் வைத்திருந்தவர்கள் முந்தினார்கள். காரணம் பல இருக்கலாம். என் கணக்கில் அந்த மெக்கானிக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

வாங்குகிறவருக்கு ஒரு நல்ல செய்தி. எல்லையில் இருக்கிற நமக்கு மிக முக்கியமான செய்தி, ஆனால் யாரும் தண்டோரா போடவில்லை. 1986-ன் பழைய நுகர்வோர் சட்டப்படி, பெங்களூரில் போன் வாங்கி ஏமாந்தால் பெங்களூரில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. நான்கு வாய்தாவுக்கு லீவு போட்டால் போனின் விலை சம்பளத்தில் போய்விடும். அதனால் யாரும் போகவில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ன் புதிய சட்டம் இதை மாற்றிவிட்டது. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ, எங்கே வேலை செய்கிறீர்களோ அங்கேயே புகார் கொடுக்கலாம். கடை பெங்களூரில் இருக்கட்டும், கம்பெனி குர்கானில் இருக்கட்டும், பதில் சொல்ல அவர்கள் கிருஷ்ணகிரிக்கு வர வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிற பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு.

கடைசியாகக் கடன். பொருளைப் பற்றிப் பேசி, டியூவைப் பற்றிப் பேசாமல் போனால் பேச்சு முழுமையாகாது. இன்று யாரும் விலையைக் கேட்பதில்லை. மாசம் எவ்வளவு டியூ என்றுதான் கேட்கிறார்கள். வட்டியே இல்லாத தவணை என்று கடையில் பலகை மாட்டியிருக்கிறார்கள். மொத்தப் பணம் கட்டுகிறவருக்குக் கொடுக்கிற தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடையாது. செயலாக்கக் கட்டணம் தனி, அதன்மேல் ஜிஎஸ்டி தனி. வட்டி பெயரை மாற்றிக்கொண்டு வருகிறது.

டியூ கட்டப் பணம் இல்லாதபோது போனே கடன் தருகிறது. ஆதார் படம், ஒரு செல்ஃபி, ஐந்து நிமிடத்தில் ஐந்தாயிரம். ஏழு நாளில் திருப்பவில்லையென்றால்? போனில் இருக்கிற எல்லா எண்ணுக்கும் செய்தி போகிறது. ஒட்டுப்போட்ட ஆபாசப் படம் போகிறது. அப்பாவுக்குப் போகிறது, சூப்பர்வைசருக்குப் போகிறது. இதனால் உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாக விதி செய்தது. கடன் தருகிற செயலி உங்கள் தொடர்பு எண்களை, படங்களை, அழைப்புப் பட்டியலைத் தொடக் கூடாது. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அந்த எண்களைக் கேட்கிற செயலி எதுவானாலும் சட்டத்துக்கு வெளியே நிற்கிற செயலி. மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1989-ல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தமிழ்நாட்டில் முதல் விதை போட்டது எந்த மாவட்டம்? அன்றைய தருமபுரி. இந்த ஓசூரும் மத்திகிரியும் அதில் அடக்கம். வாரம் பத்து ரூபாய் சேர்த்து, கூடி உட்கார்ந்து, யாருக்கு அவசரம் அதிகம் என்று பேசி, நோட்டில் எழுதிக் கடன் கொடுத்த பெண்கள் இந்த மண்ணின் பெண்கள். அவர்கள் பேத்திதான் இன்று ஹாஸ்டல் கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத செயலியிடம் கடன் கேட்கிறாள். குழுவில் கடன் வாங்கினால் கேள்வி கேட்பார்கள், அது தொல்லைதான். ஆனால் கஷ்டம் வந்தால் அந்த இருபது பேரும் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஆலைகளைச் சுற்றியிருக்கிற விடுதிகளில் இன்று அப்படி ஒரு குழுவாவது இருக்கிறதா? ஏன் இருக்கக் கூடாது? தருமபுரி கண்டுபிடித்ததை ஓசூர் மறக்கலாமா?

  

எனவே, தோழர்களே, நான் இங்கே கேட்கப்போவது சில சின்னக் காரியங்கள். எது வாங்கினாலும் பில்லை எடுத்து வையுங்கள்; போனிலேயே படம் எடுத்து வையுங்கள். 1915 என்பது நுகர்வோர் உதவி எண். 1930 என்பது இணையக் குற்றப் புகார் எண். இரண்டையும் இப்போதே, நான் மேடையை விட்டு இறங்குவதற்குள், போனில் பதிந்துகொள்ளுங்கள். கல்லூரிப் பிள்ளைகளே, கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் இந்த மன்றத்தில் உட்கார ஐந்து பேர் வேண்டும். கையைத் தூக்குங்கள் என்று சொல்ல மாட்டேன், கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள்.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது ஒன்று. 2011-ல் மத்திகிரி ஓசூரோடு சேர்ந்தது, 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதியில் எத்தனை தனியார் பெண்கள் விடுதி, எத்தனை படுக்கை, எத்தனை கழிப்பறை, யார் உரிமம் கொடுத்தது, கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போட்டு ஒருவர் கேட்டால் போதும். சார்லஸ் கோரியாவின் குடியிருப்பு நிற்கிற ஊர் இதைக் கேட்கத் தகுதியுள்ள ஊர்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த விடுதிகளிலிருந்து சிலரையாவது அழைத்து வாருங்கள். அவர்களுக்குத் தமிழ் வராது என்று தயங்க வேண்டாம். மூன்று மொழி பேசுகிற ஊருக்கு நான்காவது மொழி பாரமாகாது. அன்றைக்கு நான் பேச மாட்டேன். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.